தளமா, பதிப்பா? காந்தியடிகளைக் கற்பிப்பதற்கான இணைய மூலங்களைத் தேர்தல்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தேசியத் தலைவர்களைப் பற்றிய பாடங்களை நடத்தும் ஆசிரியர்கள் இன்று பெரும்பாலும் இணைய மூலங்களையே நாடுகின்றனர். அம்மூலங்களின் தகுதியை அளக்கத் தளத்தை நடத்துபவர் யார், அது அரசு சார்ந்ததா, கல்வி நிறுவனம் சார்ந்ததா என்பன போன்ற வினாக்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. இவ்வினாக்கள் தேவையானவை, ஆயினும் போதுமானவை அல்ல. காந்தியடிகளின் எழுத்துகள் இணையத்தில் கிடைக்கும் முறையைச் சான்றாகக் கொண்டு, தளத்தின் தகுதியைக் காட்டிலும் பனுவலின் பதிப்பு வரலாறே தேர்வின் முதல் அளவுகோலாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காந்தியடிகள், முழுத்தொகுப்பு, மின்பதிப்பு, மூலபாடம், மேற்கோள், மொழிபெயர்ப்பு, வகுப்பறை.

1. முன்னுரை

ஒரு தலைவரைக் கற்பித்தல் என்பது அவர் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் சொல்லி முடிக்கும் செயல் அன்று. அவர் என்ன சொன்னார், எப்பொழுது சொன்னார், யாரிடம் சொன்னார், அதனை மறுத்தவர் யார் என்பனவற்றை மாணவர் தாமே கண்டறியச் செய்வதே அக்கற்பித்தலின் பயன். இப்பணிக்கு இணையம் பெருந்துணை. முன்பு நகரத்து நூலகங்களில் மட்டுமே காணக்கிடைத்த தொகுதிகளை இன்று ஊரகக் கல்லூரி மாணவரும் கைபேசியில் திறந்து படிக்க முடிகிறது. ஆனால் எளிதில் கிடைப்பதும் சரியாகக் கிடைப்பதும் ஒன்றல்ல.

காந்தியடிகளின் எழுத்துகள் இச்சிக்கலை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றவை. அவை அளவில் பெரியவை. குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அமைந்தவை. நாளிதழ், வார இதழ், கடிதம், உரை எனப் பல வடிவங்களில் சிதறிக் கிடந்து பின்னர் தொகுக்கப்பட்டவை. போற்றுவோரும் தூற்றுவோரும் அவற்றிலிருந்து வரிகளைப் பிரித்தெடுத்து இணையத்தில் உலவவிடுகின்றனர். ஆகவே எதனைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா, எந்தக் காந்தியை மாணவர்க்கு அறிமுகப்படுத்துவது என்னும் வினாவாகவும் ஆகிவிடுகிறது.

2. முழுத்தொகுப்பும் அதன் இரு வடிவங்களும்

காந்தியடிகளின் எழுத்துகளைத் தொகுக்கும் பணியை இந்திய அரசு 1956இல் தொடங்கியது. முதல் தொகுதி 1958இல் வெளிவந்தது. முதன்மைப் பதிப்பாசிரியராக முதலில் பாரதன் குமரப்பாவும், பின்னர் ஜெயராம்தாஸ் தௌலத்ராமும் பணியாற்றினர். 1960இல் அப்பொறுப்பை ஏற்றவர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய கே. சுவாமிநாதன். அவருடைய மேற்பார்வையில் 1984 அளவில் 90 தொகுதிகள் நிறைவுற்றன. பின்னர் கிடைத்தவை 91 முதல் 97 வரையிலான துணைத்தொகுதிகளாயின. பொருளடைவு, பெயரடைவு, முன்னுரைகளின் தொகுப்பு ஆகியவற்றோடு 100 தொகுதிகளாக இப்பதிப்பு முழுமை பெற்றது. பதிவு ஒவ்வொன்றின் இறுதியிலும் மூலமொழியும் முதலில் வெளியான இதழும் நாளும் குறிக்கப்பட்டிருப்பது இதன் தனிச்சிறப்பு.

1999இல் இத்தொகுப்பின் திருத்திய வடிவம் குறுந்தகடாக வெளியிடப்பட்டது. அதனையொட்டி அச்சுப் பதிப்பும் வந்தது. துணைத்தொகுதிகளில் இருந்த பதிவுகளைக் கால வரிசையில் உரிய இடங்களில் சேர்ப்பது இதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நோக்கம் குறைகூறத்தக்கதன்று. ஆனால் தொகுதிகளின் முன்னுரைகள் நீக்கப்பட்டன. தொகுதி எண்களும் பக்க எண்களும் மாறின. முதற்பதிப்பில் இருந்த பல பதிவுகள் இதில் விடுபட்டிருப்பதைக் காந்திய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டினர். திரிதீப் சுஹ்ருத் 2004இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரை இவ்விவாதத்தைக் கல்வியுலகின் பரந்த கவனத்திற்குக் கொண்டு சென்றது. எதிர்ப்பின் விளைவாக 2005இல் திருத்திய பதிப்பை அரசு திரும்பப் பெற்றது. சுவாமிநாதன் பதிப்பை அடியொற்றிய மின்பதிப்பு, குஜராத் வித்யாபீடத்தின் துணையோடு உருவாக்கப்பட்டு 2015 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே, 2013 செப்டம்பரில், சபர்மதி ஆசிரமத்தின் பொறுப்பில் காந்தி மரபுத் தளம் தொடங்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் 100 தொகுதிகளும் குஜராத்தியில் 82 தொகுதிகளும் இந்தியில் 97 தொகுதிகளும் அதில் பக்க உருவங்களாகவே இடம்பெற்றுள்ளன. ‘இந்தியன் ஒப்பீனியன்’, ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’, ‘ஹரிஜன்’ முதலிய இதழ்களும் அவ்வாறே கிடைக்கின்றன.

அச்சில் திரும்பப் பெறப்பட்ட ஒரு நூல் கடைகளிலிருந்து மறையும். இணையத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. 98 தொகுதிகளாக அமைந்த 1999ஆம் ஆண்டு மின்வடிவம் இன்றும் பல தளங்களில் தரவிறக்கத்திற்குக் கிடைக்கிறது. எழுத்துருக்களாகத் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதால் அதில் சொல் தேடுவதும் எளிது. எனவே ஆய்வேடுகளும் கட்டுரைகளும் அதனையே மேற்கோள் காட்டும் நிலை தொடர்கிறது.

வழக்கமான சரிபார்ப்பு வினாக்களை இவ்விடத்தில் பொருத்திப் பார்க்கலாம். வெளியிட்டவர் யார்? இந்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு. ஆசிரியர் பெயர் உண்டா? உண்டு. வெளியீட்டு ஆண்டு உண்டா? உண்டு. வணிக நோக்கம் உண்டா? இல்லை. எல்லா வினாக்களிலும் அது தேறிவிடுகிறது. ஆயினும் அது திரும்பப் பெறப்பட்ட பதிப்பு. தளத்தை மட்டும் சோதிக்கும் முறையின் போதாமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

தமிழாய்வுக்கு இச்சிக்கல் புதியதன்று. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த காலம் முதல், ஒரு நூலைப் பயன்படுத்துமுன் எந்தப் பதிப்பு, எந்த ஏட்டின் வழி வந்தது, பாடபேதம் உண்டா என்று கேட்பது தமிழ்ப் புலமை மரபின் இயல்பு. சங்க இலக்கியத்திற்குக் கேட்கும் இவ்வினாவைத் தேசியத் தலைவர்களின் எழுத்துகளுக்குக் கேட்கத் தவறுவதே இன்றைய கற்பித்தலில் காணப்படும் குறை.

3. மேற்கோள்கள்: வேரற்ற வரிகள்

உலகில் காண விரும்பும் மாற்றமாக ஒருவர் தாமே ஆக வேண்டும் என்னும் பொருளுடைய வாசகம், பள்ளிச் சுவர்களிலும் வாழ்த்தட்டைகளிலும் காந்தியடிகளின் பெயரால் இடம்பெறுகிறது. அவருடைய எழுத்துகளில் இவ்வாசகம் இவ்வடிவில் காணப்படவில்லை. இதற்கு நெருக்கமான கருத்து, ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் குஜராத்திப் பகுதியில் 9-8-1913 அன்று வெளியான ஒரு கட்டுரையில் உள்ளது. உடல்நலம் பற்றிய பொது அறிவுத் தொடரில் பாம்புக்கடியைப் பற்றி எழுதப்பட்ட பகுதி அது. ஒருவர் தம் இயல்பை மாற்றிக்கொண்டால் உலகம் அவரிடம் நடந்துகொள்ளும் முறையும் மாறும். பிறர் என்ன செய்கின்றனர் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பது அங்குள்ள கருத்து. கொடிய உயிர்களிடத்தும் பகை பாராட்டாமை பற்றிய சிந்தனையில் பிறந்த கருத்து, ஊக்க வாசகமாகச் சுருங்கிவிட்டது.

இதே பகுதி சுவாமிநாதன் பதிப்பில் 12ஆம் தொகுதி 158ஆம் பக்கத்திலும், 1999ஆம் ஆண்டு மின்வடிவில் 13ஆம் தொகுதி 241ஆம் பக்கத்திலும் அமைந்துள்ளது. பதிப்பைக் குறிப்பிடாமல் தொகுதியையும் பக்கத்தையும் மட்டும் ஒரு மாணவர் எழுதினால், வேறு பதிப்பை வைத்துச் சரிபார்ப்பவர் அதனைத் தவறென்றே கொள்வார். இதழின் பெயரும் நாளுமோ எப்பதிப்பிலும் மாறுவதில்லை. ஆகவே தொகுதி எண்ணோடு, மூல இதழையும் நாளையும் குறிக்கும் வழக்கத்தை வகுப்பறையிலேயே ஏற்படுத்துவது நலம்.

முதலில் புறக்கணிப்பர், பின்னர் நகைப்பர், அடுத்துத் தாக்குவர், இறுதியில் வெற்றி கிட்டும் என்னும் பொருளில் வழங்கும் மற்றொரு வாசகமும் அவருடையதன்று. அதனை ஒத்த பேச்சு, 1918இல் அமெரிக்க ஆடைத் தொழிலாளர் சங்க மாநாட்டில் நிக்கோலஸ் கிளைன் ஆற்றிய உரையில் உள்ளது. கண்ணுக்குக் கண் என்னும் பழிவாங்கல் உலகையே குருடாக்கும் என்பது, காந்தியடிகளின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய லூயி ஃபிஷர் அவருடைய கொள்கையை விளக்கத் தம் சொற்களில் எழுதியது. விளக்கியவரின் சொல் காலப்போக்கில் விளக்கப்பட்டவரின் சொல்லாக மாறியது.

தூற்றும் நோக்கில் உலவும் மேற்கோள்களின் நிலை இதற்கு மாறானது. தென்னாப்பிரிக்க வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் ஆப்பிரிக்கரை இழிவாகக் குறித்து அவர் எழுதிய வரிகள் மெய்யானவை. முழுத்தொகுப்பின் தொடக்கத் தொகுதிகளிலேயே அவை உள்ளன. கானா பல்கலைக்கழக வளாகத்தில் 2016இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை 2018இல் அகற்றப்பட்டதற்கு அவ்வரிகளே காரணம். இவற்றை மறைக்கும் மூலத்தை ஆசிரியர் தேர்ந்தெடுத்தால், மாணவர் பின்னொரு நாள் அவற்றை வேறிடத்தில் காணும்போது ஆசிரியரையும் நம்பார், பாடத்தையும் நம்பார். நாளோடும் சூழலோடும் முழுப் பதிவையும் படிக்கச் செய்து, பிற்கால எழுத்துகளோடு ஒப்பிடச் செய்வதே நேர்மையான வழி. போலி மேற்கோளுக்கும் துண்டிக்கப்பட்ட மேற்கோளுக்கும் மருந்து ஒன்றே. அது மூலப்பதிவை முழுமையாகப் படித்தல்.

4. மதுரை நிகழ்வு: கதையும் ஆவணமும்

தமிழ்நாட்டு மாணவர்க்கு மிகவும் அறிமுகமான காந்திய நிகழ்வு, 22-9-1921 அன்று மதுரையில் அவர் மேற்கொண்ட ஆடை மாற்றம். வழியில் அரையாடையுடன் உழைத்த உழவர்களைக் கண்டு மனம் உருகி, அக்கணமே வாழ்நாள் முழுவதற்கும் அரையாடை ஏற்றார் என்று பல தளங்கள் கூறுகின்றன.

அவரே எழுதியவற்றைப் படிக்கும்போது வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அந்நாளில் மதுரையில் எழுதப்பெற்று ‘இந்து’ நாளிதழில் 15-10-1921 அன்று வெளியான அறிக்கையில், குறைந்தது அக்டோபர் 31 வரை தொப்பியையும் மேற்சட்டையையும் விடுத்து இடையாடையும் தேவைக்கேற்ப ஒரு போர்வையும் மட்டும் கொள்ளப்போவதாக அவர் கூறுகிறார். அதாவது, தொடக்கத்தில் அது கால வரையறைக்கு உட்பட்ட முடிவு. அது கணநேர முடிவுமன்று. குல்னா பஞ்சத்தை முன்னிட்டு எழுந்த விமரிசனத்தின்போது பாரிசாலில் முதன்முறையும், வால்டேரில் மௌலானா முகமது அலி கைதானபோது இரண்டாம் முறையும் அவ்வெண்ணம் தோன்றியதாக அவர் எழுதியுள்ளார். மூன்றாம் முறைக்குரிய தூண்டுதலும் வயல்வெளியில் நிகழவில்லை. சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த தொடர்வண்டியில், அந்நியத் துணி அணிந்திருந்த பயணிகளிடம் கதர் பற்றிப் பேசியபோது, விலை மிகுதி, வாங்க வசதியில்லை என்று அவர்கள் மறுமொழி கூறினர். அம்மறுமொழியிலிருந்த உண்மையே அவரை வருத்தியது.

பரவலான கதையில் இரக்கம் மட்டுமே உண்டு. ஆவணத்திலோ இரக்கத்தோடு அரசியலும் உண்டு, தயக்கமும் உண்டு, தம் இயக்கத்தின்மேல் எழுந்த எதிர்வாதத்தைச் செவிமடுத்த நேர்மையும் உண்டு. கதையின் காந்தி வணங்கத்தக்கவர். ஆவணத்தின் காந்தியோடு மாணவர் உரையாட இயலும்.

தில்லையாடி வள்ளியம்மையின் வரலாற்றிலும் இத்தகைய வேறுபாடு காணப்படுகிறது. அவர் தம் புடைவையைக் கிழித்துக் கொடியாக்கிக் காட்டினார் என்னும் செய்தி இணையத்தில் மிகப் பரவலானது. ‘தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்’ நூலில் காந்தியடிகள் வள்ளியம்மைக்கு ஒதுக்கிய பகுதியில் அச்செய்தி இல்லை. நோயுற்ற நிலையிலும் சிறை சென்றதற்காக அவர் வருந்தவில்லை என்பதைக் காட்டும் உரையாடலே உள்ளது. அந்நூலும் நிகழ்வு நடந்து ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின், எரவாடா சிறையில் நினைவிலிருந்து எழுதத் தொடங்கப்பட்டது. ஆகவே முதன்மைச் சான்றும் நினைவின் வரம்புக்கு உட்பட்டதே என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

5. மொழிபெயர்ப்பின் அடுக்குகள்

தமிழ்வழி கற்கும் மாணவர்க்கு மற்றொரு தடை உண்டு. குஜராத்தியிலும் இந்தியிலும் உள்ளதற்கு நிகரான முழுத்தொகுப்பு தமிழில் இல்லை. தேர்ந்தெடுத்த எழுத்துகளும் தனிநூல்களின் தமிழாக்கங்களுமே கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும்போது, மூலமொழியிலிருந்து நேரே ஆக்கப்பட்டதா, ஆங்கிலத்தின் வழி ஆக்கப்பட்டதா என்பதைக் கேட்க வேண்டும்.

‘இந்திய சுயராஜ்யம்’ 1909 நவம்பரில் கில்டோனன் காசில் என்னும் கப்பலில் குஜராத்தியில் எழுதப்பட்டது. 1910இல் வெளிவந்த ஆங்கில வடிவம் ஆசிரியரே செய்தது. எனவே இரண்டுக்கும் ஆசிரியரின் இசைவு உண்டு. தன்வரலாறு அத்தகையதன்று. 1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ இதழில் வெளிவந்த குஜராத்தி மூலத்தை மகாதேவ் தேசாய் ஆங்கிலமாக்கினார். குஜராத்தித் தலைப்பில் ‘சத்தியத்தின் பிரயோகங்கள்’ முதலிலும் ‘ஆத்மகதை’ அடுத்தும் வருகின்றன; இன்று பரவலாக உள்ள ஆங்கிலப் பதிப்பில் தன்வரலாறு என்பதே முன்னிற்கிறது. தமிழில் நிலைபெற்ற ‘சத்திய சோதனை’ என்னும் தலைப்போ பன்மையை ஒருமையாக்குவதோடு, சோதனை என்னும் சொல்லின்வழித் துன்பம், இடர் என்னும் பொருளையும் உடன்கொணர்கிறது. செய்து பார்த்தல் என்னும் பொருள் ஒரு மொழியில் மேலோங்க, சோதிக்கப்படுதல் என்னும் பொருள் மற்றொன்றில் மேலோங்குகிறது. 2018இல் வெளிவந்த திரிதீப் சுஹ்ருத்தின் ஆய்வுப் பதிப்பு, குஜராத்தி மூலத்தையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்துள்ளது. இத்தகைய பதிப்பு தமிழில் அமையாதவரை, தலைப்பளவிலான ஒப்பீடேனும் வகுப்பில் நிகழலாம்.

6. ஒலி, படம், திரைப்படம்

காட்சி ஊடகங்களுக்கும் பதிப்பு வரலாறு உண்டு. 1931 அக்டோபரில் இலண்டன் கிங்ஸ்லி இல்லத்தில் பதிவான காந்தியடிகளின் ஒலிப்பதிவு எளிதில் கேட்கக் கிடைக்கிறது. அது அவ்விடத்தில் தோன்றிய பேச்சன்று. 1928இல் ‘யங் இந்தியா’வில் அவர் எழுதியதன் வாசிப்பு. ஏ. கே. செட்டியார் உலகின் பல நாடுகளில் அலைந்து திரட்டிய படச்சுருள்களால் உருவாக்கி 1940இல் தமிழில் வெளியிட்ட ஆவணப்படமும், 1953இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட அதன் ஆங்கில வடிவமும் ஒன்றல்ல. முன்னது அவர் வாழ்ந்த காலத்தது, பின்னது அவர் கொலையுண்ட பின்னர் வேற்று நாட்டுப் பார்வையாளர்க்கென அமைந்தது. 1982இல் வெளியான ரிச்சர்ட் அட்டன்பரோவின் திரைப்படத்தைக் காட்டும்போது, அது நடிகர்களைக் கொண்ட கலைப்படைப்பு என்பதை நினைவூட்டுவதும் இன்றியமையாதது. 1946 சூலையில் பம்பாயில் நேருவுடன் சிரித்துப் பேசும் புகழ்பெற்ற ஒளிப்படத்தில், நேருவை நீக்கி ஒரு பெண்ணின் உருவத்தைப் பொருத்திய போலிப் படமும் உலவுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவது, நீண்ட அறிவுரையைவிடப் பயன் தரும்.

7. எதிர்க்குரலும் மூலமே

காந்திய நிறுவனங்களின் தளங்கள் பதிப்பு நேர்த்தியில் சிறந்தவை. ஆனால் அவற்றை மட்டுமே கொண்டு பாடம் அமைத்தால், காந்தியடிகள் தம்மோடு தாமே பேசிக்கொண்டிருப்பார். அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ 1936இல் வெளிவந்தது. அதற்குக் காந்தியடிகள் ‘ஹரிஜன்’ இதழில் எழுதிய மறுப்பும், அம்பேத்கரின் மறுமொழியும் 1937ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் சேர்ந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் பிரிச்செட் உருவாக்கிய இணையப் பதிப்பு இவ்விவாதத்தை முழுமையாகத் தருகிறது. ‘ஹரிஜன்’ இதழின் பக்க உருவத்தோடு இதனை இணைத்துப் படிக்கச் செய்தால், ஒரே விவாதத்தின் இருபுறத்தையும் மாணவர் மூலத்திலேயே காண்பர். 1927இல் பெங்களூரில் காந்தியடிகளைச் சந்தித்து வருணாசிரமம் குறித்து வாதிட்ட பெரியாரின் ‘குடி அரசு’ எழுத்துகளும் இவ்வாறே இடம்பெற வேண்டும். எதிர்க்குரலைச் சேர்ப்பது சமரசத்திற்காக அன்று. மறுக்கப்பட்ட கருத்தின் வலிமையும் எல்லையும் மறுப்பினால்தான் புலப்படுகின்றன என்பதற்காக.

8. நடைமுறையும் வரம்பும்

மேற்கண்டவற்றிலிருந்து, ஓர் இணைய மூலத்தை வகுப்பிற்குக் கொண்டுசெல்லுமுன் கேட்கத்தக்க வினாக்களை நான்காகத் தொகுக்கலாம்:

அ) இப்பகுதி முதலில் எந்த மொழியில், எந்த இதழில், எந்நாளில் வெளிவந்தது?
ஆ) தளம் தரும் பாடம் எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது? அப்பதிப்பின் இன்றைய நிலை யாது?
இ) முழுப் பதிவும் தரப்பட்டுள்ளதா, வெட்டியெடுத்த வரியா?
ஈ) இதனை மறுத்தவர் அல்லது வேறாக நினைவுகூர்ந்தவர் யார்? அவருடைய மூலம் எங்குக் கிடைக்கிறது?

இவற்றுக்கு விடை தராத தளத்தை முற்றிலும் விலக்க வேண்டும் என்பதில்லை. அதனையே பயிற்சிப் பொருளாக்கலாம். ஒரு தளத்தின் மதுரைக் கதையையும் 1921ஆம் ஆண்டு அறிக்கையையும் கொடுத்து, வேறுபாடுகளை எழுதச் செய்வது ஒரு பாடவேளைக்குள் முடியும் பணி.

இம்முறைக்கு எதிராக எழக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. நூறு தொகுதிகளைப் புரட்ட ஆசிரியர்க்கு நேரமில்லை. பக்க உருவங்களாக உள்ள கோப்புகள் மெலிந்த இணைய இணைப்பில் திறப்பதில்லை. இளநிலை மாணவர்க்கு ஆங்கிலமும் இடர் தருகிறது. இம்மறுப்பு நியாயமானது. இதற்கு விடை எளிமையான தளத்தை நாடுவதன்று. சிறிய மூலத்தை நன்கு தேர்வதாகும். ஒரு பருவத்திற்குப் பத்துப் பக்க மூலப்பகுதி போதும். அப்பத்துப் பக்கங்களுக்கும் இதழ், நாள், பதிப்பு ஆகிய குறிப்புகளும் தமிழ்ச் சுருக்கமும் இணைக்கப்பட வேண்டும். தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இணைந்து இத்தகைய சிறு தொகைகளை உருவாக்கிப் பகிர்ந்துகொள்ளுமாயின், ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே தேடி அலையும் நிலை நீங்கும்.

9. முடிவுரை

இணைய மூலத்தைத் தேர்தல் தொழில்நுட்பம் சார்ந்த சிறுபணியாகக் கருதப்பட்டு வருகிறது. அது பதிப்பியல் சார்ந்த புலமைப் பணி என்பதைக் காந்தியடிகளின் எழுத்துகள் உணர்த்துகின்றன. அரசு முத்திரை பெற்ற வடிவமும் குறையுடையதாகலாம். புகழ்பெற்ற வாசகமும் பிறருடையதாகலாம். உள்ளூர்க் கதையும் ஆவணத்தினின்று விலகலாம். தளத்தின் முகவரியை நோக்கும் கண் இவற்றைக் காணாது. பனுவலின் வழியை நோக்கும் கண்ணே காணும். ‘இந்தியன் ஒப்பீனியன்’ 1903இல் தொடங்கியபோது அதன் நான்கு மொழிகளுள் தமிழும் ஒன்றாக இருந்தது. முழுத்தொகுப்பின் பெரும்பகுதியைச் செப்பமாக முடித்தவரும் சென்னைக் கல்லூரி ஒன்றின் ஆசிரியரே. அத்தொகுப்பு பதிவுதோறும் தந்துள்ள மூலக் குறிப்பை மாணவரின் கட்டுரையிலும் இடம்பெறச் செய்வது, இன்றைய கல்லூரி ஆசிரியர் மேற்கொள்ளத்தக்க எளிய முதற்படியாகும்.